கம்மி பணத்தில் ஸ்ட்ரீட் ஸ்டைல்: முதலில் எதை வாங்குவது?

புதுச்சட்டை:

வணக்கம். லூசான டி-ஷர்ட், அகலமான பேன்ட், தடிமனான ஷூ என்று ஸ்ட்ரீட் ஸ்டைலில் உடுத்த எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, வீட்டுக்குக் கொடுத்தது போக உடைக்கென்று மாதாமாதம் ஒதுக்க முடிவது சின்னத் தொகைதான், அதை எதில் போடுவது என்று தெரியவில்லை. பெயர் பெற்ற பிராண்டில் ஒரே ஒரு ஹூடி வாங்கினாலே பல மாதச் சேமிப்பு காலி. ஆஃபரில் குவித்துப் போட்டிருக்கும் டி-ஷர்ட்டை வாங்கினால் நாலு துவையலில் கழுத்து தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். நான் உயரம் கம்மி, தோள் கொஞ்சம் அகலம். ஓவர்சைஸ் டி-ஷர்ட்டையும் கார்கோ பேன்ட்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் குள்ளமாகத்தான் தெரிகிறேன். இது உடம்பு வாகா, உடையின் கோளாறா? எதை முதலில் வாங்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம், ஒருவர் போட்ட துணியை வாங்குவது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இஞ்ச்டேப்:

தம்பி, உங்கள் உடம்பு வாகில் ஒரு குறையும் இல்லை. ஓவர்சைஸாகவே வெட்டித் தைத்த டி-ஷர்ட் வேறு, உங்கள் அளவைவிட இரண்டு அளவு பெரிய சாதாரண டி-ஷர்ட் வேறு. முதல் வகையில் தோள் தையல் கைப்பக்கம் இறங்கியிருக்கும், மார்பு அகலமாக இருக்கும், ஆனால் நீளம் அளவாகத்தான் இருக்கும். இரண்டாவதில் அகலம் கூடக்கூட நீளமும் கூடிக்கொண்டே போகும், கழுத்தும் அகன்றுவிடும், கடைசியில் பாதித் தொடை வரை தொங்கும். உயரம் கம்மியான ஆளுக்கு அகலத்தால் ஒரு கெடுதலும் இல்லை, நீளம்தான் குள்ளமாகக் காட்டுகிறது. டி-ஷர்ட்டின் கீழ் ஓரம் பேன்ட்டின் ஜிப் முடிகிற இடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேன்ட்டைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிப் போடுங்கள், கால் நீளமாகத் தெரியும். ஷூ மேல் துணி மடிந்து மடிந்து குவியக் கூடாது, ஒரு மடிப்பு விழுந்தால் போதும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே சரியாகப் பொருந்துகிற ஒரு டி-ஷர்ட்டையும் ஒரு பேன்ட்டையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து அளந்துகொள்ளுங்கள். டி-ஷர்ட்டில் அக்குளுக்கு அக்குள், கழுத்தடியிலிருந்து கீழ் ஓரம், கை நீளம். பேன்ட்டில் இடுப்பு, தொடை, பாட்டம், உள்கால் நீளம், அப்புறம் முக்கியமாகக் கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டையின் மேல் ஓரம் வரைக்கும் உள்ள உயரம். இதைப் போனில் குறித்து வைத்துக்கொண்டு, ஆன்லைனில் வாங்கினாலும் சரி பழையது வாங்கினாலும் சரி, உடையின் அளவைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எம், எல் என்கிற எழுத்துகளுக்குப் பொது அளவே கிடையாது, ஒவ்வொரு பிராண்டும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது.

துணியைப் பொறுத்தவரை ஜிஎஸ்எம் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு அது. 140, 150 என்றால் மெல்லிசு. 180 முதல் 200 வரை தினசரிக்குத் தாங்கும். ஓவர்சைஸ் டி-ஷர்ட் உடம்பில் ஒட்டாமல் தன் வடிவத்தில் நிற்க வேண்டுமானால் 220, 240 தேவைப்படும், ஆனால் வெயிலில் அலைகிறவர் என்றால் அது புழுங்கும், 200-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாலு துவையலில் கழுத்து தளர்வது பற்றிச் சொன்னீர்கள். வாங்கும்போதே கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள், சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், பட்டையில் கொஞ்சம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை கலந்திருந்தால் திரும்பும். பின்கழுத்தின் உட்பக்கம் தோளிலிருந்து தோளுக்கு ஒரு நாடா வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். கடையிலேயே முன்பக்கம் நோக்கித் திரும்பியிருந்தால் துவைத்த பிறகு மொத்த டி-ஷர்ட்டும் முறுக்கிக்கொள்ளும்.

வரிசை கேட்டால், முதலில் ஒரு நல்ல பேன்ட், அடுத்து தடிமனான டி-ஷர்ட் இரண்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம். கையில் ஒரு நல்ல தையல்காரரை வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம். பேன்ட்டின் நீளம், இடுப்பு, பாட்டம் எல்லாவற்றையும் குறைத்துவிடலாம். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, கூலியும் அதிகம். கவட்டை உயரத்தை மாற்றுவது அதைவிடச் சிரமம், அனேகமாக முடியாது. அதனால் தோளும் கவட்டையும் சரியாக உட்கார்ந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நடைபாதை:

இஞ்ச்டேப் சொன்னதெல்லாம் சரி, வரிசையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. ஷூவை முதலில் வாங்குங்கள். டி-ஷர்ட் தினமும் மாறும், ஷூ மட்டும் எல்லா உடையோடும் வரும், அது சரியில்லை என்றால் மேலே என்ன போட்டாலும் எடுபடாது. அகலமான பேன்ட்டுக்குக் கீழே மெல்லிசான ஷூ போட்டால் பாதமே காணாமல் போகும், அதற்குக் கொஞ்சம் கனமான அடிப்பாகம் வேண்டும்.

புதிதாக என்ன வந்திருக்கிறது என்று துரத்த வேண்டியதே இல்லை. கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-இல் வந்த கூடைப்பந்து ஷூ. அடிடாஸ் சூப்பர்ஸ்டார் 1969, நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1 வந்தது 1982, இரண்டும் கூடைப்பந்துக்காகச் செய்தவைதான். இத்தனை வருடம் கழித்தும் இவை தெருவில் நடமாடுகின்றன என்றால் அடுத்த வருடமும் நடமாடும். இதே வடிவத்தில், பெரிய லோகோ இல்லாமல், வெள்ளையிலோ கருப்பிலோ ஒரு ஜோடி இருந்தால் போதும். ரப்பர் அடிப்பாகத்தின் ஓரத்தைச் சுற்றி ஓடும் தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் நிஜமாகவே உள்ளே போய் வெளியே வருகிறதா, இல்லை ரப்பரிலேயே தையல் மாதிரி அச்சு வார்த்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். தைத்தது சீக்கிரம் வாய் பிளக்காது.

பழைய ஷூ வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெட்டியோடு, போடாமலே வைத்திருந்தது என்று சொல்லி ரொம்பப் பழைய ஷூவை விற்பார்கள். மெத்தென்ற அடிப்பாகம் பாலியூரித்தேனால் ஆனது என்றால், போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரம் அதைச் சில வருடங்களில் அரித்துவிடும். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், போட்டு நடந்தால் அடி பொடிப்பொடியாக உதிரும். வாங்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு விட்டாலோ பிசுபிசுவென்று இருந்தாலோ தொடாதீர்கள்.

பழைய_டெனிம்:

பழைய துணி வாங்குவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம், சின்னத் தொகையில் நல்ல துணி கிடைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. புதுத் துணி துவைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கத்தான் முடியும். பழைய துணி பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியது சுருங்கி, வெளுக்க வேண்டியது வெளுத்து, தாங்குமா தாங்காதா என்பதைக் காட்டிவிட்டுத்தான் உங்கள் கைக்கு வருகிறது.

ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜீன்ஸ் என்றால் முதலில் உள்பக்கம் வெளியே திருப்பிக் கவட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தொடையும் தொடையும் உரசுகிற இடம் அது, அங்கே வெள்ளை இழைகள் மட்டும் வலை மாதிரி தெரிந்தால் சீக்கிரமே கிழியப்போகிறது என்று அர்த்தம். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குத்தான் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை, தேய்மானத்தில் நீலம் முதலில் போகும். அப்புறம் பாக்கெட் மூலைகள், பெல்ட் வளையங்களின் அடி, பாட்டத்தின் பின் ஓரம். ஜிப்பை மேலும் கீழும் நாலைந்து தடவை இழுங்கள். சட்டை, டி-ஷர்ட் என்றால் அக்குளைத் தொட்டுப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் வியர்வைக் கறை ஏறிப் படிந்துவிட்டது, அது போவது கஷ்டம். பூச்சி உருண்டை வாசனை இரண்டு நாள் காற்றில் காயப் போட்டால் குறையும். பூஞ்சை வாசனை லேசில் போகாது, விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் துவைத்துவிட்டுத்தான் மற்ற துணிகளோடு வைக்க வேண்டும்.

டெனிமை அவுன்ஸில் எடை போடுவார்கள், ஒரு சதுர கெஜம் துணி எத்தனை அவுன்ஸ் என்கிற கணக்கு அது, 12 முதல் 14 அவுன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் தோதானது. முழுப் பருத்தியாகப் பாருங்கள். நீட்சிக்காக எலாஸ்டேன் கலந்தது புதிதில் சுகமாக இருக்கும், சூடு பட்டுப்பட்டு அந்த இழை செத்துப்போனால் முட்டி பை மாதிரி தொங்கும், பழைய கடையில் வந்து விழுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

இதில் சேகரிப்பாளர்களின் உலகம் ஒன்று இருக்கிறது. லீவைஸ் ஜீன்ஸின் பின் பாக்கெட்டில் இருக்கும் சின்னச் சிவப்புப் பட்டியில் பிராண்டின் ஆங்கிலப் பெயர் 1971 வரை எல்லாமே பெரிய எழுத்து (LEVI'S), அதற்குப் பின் 'E' மட்டும் சின்ன எழுத்து (LeVI'S). அந்த ஓர் எழுத்துக்காகவே விலை எகிறும். நமக்கு அது வேண்டாம். போட்டு நடக்கத்தானே வாங்குகிறோம், யாரும் தேடாத சாதாரண 501 நேர்கால் ஜீன்ஸே போதும், ஏராளமாகக் கிடைக்கிறது.

கருப்பு_ஹூடி:

பிராண்ட் ஹூடிக்குப் பல மாதம் சேமிப்பதா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வேண்டவே வேண்டாம். இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜீன்ஸில் செப்பு ரிவெட் அடிக்க 1873-இல் காப்புரிமை வாங்கியவர்கள் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸும், உழைப்பாளிகளின் பாக்கெட் கிழியாமல் இருக்கத்தான் அது. கார்ஹார்ட் என்ற உடை நிறுவனம் 1889-இல் டெட்ராய்ட்டில் ரயில்வே தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. கார்கோ பேன்ட்டும் எம்-65 ஜாக்கெட்டும் ராணுவத்தில் இருந்து வந்தவை. ஸ்கேட் பையன்களும் ஹிப்ஹாப் பையன்களும் இவற்றை எடுத்துப் போட்டதற்கு முக்கியக் காரணம் உழைத்தது, மலிவாகக் கிடைத்தது, உடம்பை அசைக்க இடம் கொடுத்தது. 1994-இல் நியூயார்க்கில் ஒரு ஸ்கேட் கடையாகத் திறந்த சுப்ரீம் எல்லாம் அப்புறம் பெரிய விலைக்குப் போனது வேறு கதை. அந்தத் தோற்றம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதன் மூலப் பொருளையே வாங்குங்கள்: தொழிலாளர் பேன்ட், ராணுவ உபரிச் சரக்கு, லோகோ இல்லாத கனமான ஹூடி. ஹூடிக்கு 350 ஜிஎஸ்எம் பக்கம் இருந்தால் தலைப்பகுதி துவளாமல் நிற்கும். போலி லோகோ போட்டதை மட்டும் வாங்காதீர்கள். அதே காசுக்கு லோகோ இல்லாமல் நல்ல துணியே கிடைக்கும், திருட்டுப் பெயரை நெஞ்சில் சுமக்க வேண்டியதில்லை.

நிறத்தையும் அடக்குங்கள். கருப்பு, சாம்பல், நேவி, ஆலிவ், வெள்ளை. இந்த ஐந்துக்குள் எதை எடுத்தாலும் எதோடும் சேரும், நாலு மேலுடுப்பும் மூன்று பேன்ட்டும் இருந்தாலே பன்னிரண்டு விதமாகப் போடலாம். ஜாக்கெட்டைக் குளிர்காலம் முடியும்போது வாங்குங்கள், கடைக்காரர் இடம் காலி செய்ய விலையை இறக்கும் நேரம் அது.

புதுச்சட்டை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இருந்ததிலேயே நல்ல பேன்ட்டை அளந்துவிட்டு ராணுவ உபரிச் சரக்கைத் தேடினேன். ஆலிவ் நிறத்தில் ஒரு கார்கோ பேன்ட், முழுப் பருத்தி, கவட்டை உயரமும் தொடையும் என் அளவோடு அப்படியே ஒத்துப்போகிறது. இடுப்பு 2 அங்குலம் அதிகம், நீளம் 4 அங்குலம் அதிகம். பக்கப் பாக்கெட் முட்டிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. வாங்கலாமா? பாட்டத்தையும் குறைக்கச் சொல்லலாமா?

இஞ்ச்டேப்:

வாங்குங்கள். இடுப்பில் 2 அங்குலத்தைப் பின்பக்க நடுத் தையலில் பிடித்துவிடலாம். அதற்கு மேல் என்றால்தான் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகிவிடும். பாக்கெட் முட்டிக்கு மேலே நிற்பது உங்கள் உயரத்துக்கு நல்லது, முட்டியைத் தாண்டி இறங்கியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நீளத்தை உடனே வெட்டாதீர்கள். முழுப் பருத்தி, முன்னால் துவைத்ததா என்று தெரியாது, இரண்டு தடவை துவைத்துக் காய வைத்த பிறகு, எந்த ஷூவோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போய் தையல்காரரிடம் நில்லுங்கள். கீழ் ஓரத்தில் நாடா கோத்திருந்தால் அதைத் திரும்பக் கோத்துத் தர முடியுமா என்று வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம், நாடா இருந்தால் அதை இழுத்துக் கட்டினாலே குறுகிவிடும், அவிழ்த்துவிட்டால் அகலமாக விழும், இரண்டு விதமாகவும் போட்டுக்கொள்ளலாம்.