மொண்டே கார்லோவை வளர்த்தது ஒரு சூதாட்ட முதலாளியா?

கேள்வி (காரைநகர்): கசூரினா கடற்கரையை வளர்ப்பதைப் பற்றி எங்கள் வாசிகசாலையில் பேச்சு வந்தது. ஓர் அண்ணை, பிரான்சுக்குப் பக்கத்திலுள்ள குட்டி நாடான மொனாக்கோவை உதாரணம் காட்டினார்; அங்குள்ள மொண்டே கார்லோ பகுதியை ஒரு சூதாட்ட முதலாளிதான் வளர்த்தாராம். ஒரு முதலாளியால் ஊரையே எழுப்ப முடியுமா?

பதில் (கொக்குவில்): தம்பி, அவர் பெயர் பிரான்சுவா பிளாங். 1841 முதல் ஜெர்மனியின் பாட் ஹொம்பூர்க்கில் சூதாட்ட மண்டபம் நடத்தியவர். 1863இல் மொனாக்கோவில் சூதாட்ட மண்டபம் நடத்தும் உரிமையை வாங்கினார். அவருக்கு முன் அங்கே நடத்தியவர்கள் நொடித்துப்போனார்கள், ஆட்கள் வந்து சேர ஒழுங்கான பாதையே இல்லை. பிளாங் 1864இல் ஓட்டல் டி பாரியைத் திறந்தார். 1868இல் ரயில் வந்தது, அப்புறம்தான் கூட்டம். 1869இல் இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் மக்களின் நேரடி வரியையே நீக்கிவிட்டார்! என்னைக் கேட்டால், ரவுலட் என்ற சூதாட்டச் சக்கரத்தைவிட ரயிலுக்குத்தான் பெரிய பங்கு.

பதில் (பருத்தித்துறை): முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். மொனாக்கோ குடிமக்கள் அங்கே சூதாடத் தடை. காசு முழுக்க வெளியாட்களுடையது. 1861இல் மொனாக்கோவின் ஊர்களாக இருந்த மென்டன், ரோக்ப்ரூன் இரண்டும் பிரான்சுக்குப் போனபின் அரண்மனைக்கு வேறு வருமானமும் பெரிதாக இல்லை. அந்த நெருக்கடி இல்லாவிட்டால் பிளாங்குக்கு அவ்வளவு இடம் கொடுத்திருப்பார்களா?

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணை. அப்படியானால் நாங்கள் முதலில் பஸ்ஸையும் குடிதண்ணீரையும் கேட்கிறோம்.