ஜீவனாம்சம் நின்னுபோச்சு, எந்த மனு போடறது?

குடியாத்தம் அண்ணன்:
என் தங்கச்சிக்கு 2022-ல வேலூர் குடும்ப நல கோர்ட்டுல, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவுல, மாசம் 6,000 ரூபாய் ஜீவனாம்சம்னு உத்தரவு ஆச்சு. மாப்பிள்ளைக்கு ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில வேலை. போன ஆடியிலருந்து பணம் வரல. இப்ப வைகாசியும் வந்துடுச்சு. பாவம், பீடி சுத்திக்கினு பையனைப் படிக்க வைக்குது, ஒன்பதாவது போறான். தொகையை ஏத்தச் சொல்லி மனு போட்டா பாக்கியும் சேர்ந்து வந்துடும்னு ஒருத்தர் சொல்றார். அது சரியா? ஒரு மனுவுக்குத்தான் கையில காசு இருக்கு.

சத்துவாச்சாரி குமாஸ்தா:
தம்பி, வராது. ஏத்தறது வேற மனு, பாக்கி வசூல் வேற மனு. முதல்ல பாக்கிக்குப் போடுங்க, அதுவும் ஆடி பிறக்கறதுக்குள்ள. தொகை சேர வேண்டிய நாள்லருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாத்தான் பாக்கியை வசூலிக்க கோர்ட்டு வாரண்ட் கிடைக்கும். ஆடி போச்சுன்னா ஒவ்வொரு மாசமா அந்த வழி அடைபடும். உரிமையே போயிடாதுன்னு 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஆனா சுலபமான வழி இதுதான். எத்தனையோ பொம்பளைங்க "அடுத்த மாசம் தர்றேன்"ங்கற பேச்சை நம்பி வருஷத்தை விட்டதைப் பார்த்திருக்கேன். வயிறு எரியும்.

இப்ப 125-க்குப் பதிலா புதுச் சட்டத்துல (BNSS) 144-வது பிரிவு. வாரண்டுக்கும் கட்டலைன்னா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில். உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிக்கும். சம்பளக்காரர்ங்கறதால சம்பளத்தை ஜப்தி செய்யவும் கேளுங்க.

தொகையை ஏத்தறது அதே சட்டத்துல 146. நிலைமை மாறியிருக்குன்னு காட்டணும்: பள்ளிக்கூட ரசீது, அவரோட இப்பத்திய சம்பள விவரம். இதைப் பாக்கி மனுவுக்கு அப்புறம் போடலாம்.

அப்புறம் காசு. பொம்பளைங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டுல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க, இல்ல 15100-க்கு போன் போடுங்க. ரெண்டு மனுவையும் அவங்க வக்கீலே போட்டுத் தருவார்.

ஆம்பூர் அம்மா:
நானும் பாக்கி மனு போட்டவதான். பேங்க் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு எடுத்துக்கினு போகச் சொல்லுங்க அண்ணா. எந்த மாசம் வரல, எவ்ளோ வரலன்னு ஒரு தாள்ல மாசவாரியா எழுதிக்கணும். அந்தத் தாளைத்தான் என் வக்கீல் முதல்ல கேட்டார்.

பேரணாம்பட்டு ராஜா:
மொதல்ல பெரியவங்களை வெச்சுப் பேசிப் பாருங்களேன். ஜெயில் கியில்னா உறவே முறிஞ்சிடும்.

சத்துவாச்சாரி குமாஸ்தா:
பேசட்டும், தப்பில்ல. கோர்ட்டுலயே கவுன்சலிங் வெப்பாங்க, அங்க உக்காந்தும் பேசலாம். மனுவை கோர்ட்டுல எடுத்துக்கிட்டு நம்பர் கொடுத்த பிறகு பேசட்டும். அதுவரைக்கும் அந்தப் புள்ள பசியோட காத்திருக்கணும்னு சொல்ல எனக்கு மனசு வரல.

தம்பி, 2022 உத்தரவோட சர்டிஃபைடு காப்பி பத்திரமா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இல்லைன்னா நாளைக்கே நகலுக்கு எழுதிக் கொடுங்க, அது கைக்கு வரவே நாளாகும்.