சினிமா அல்லாத ஆல்பம் ஒன்று, முழுசாக உட்கார்ந்து கேட்கிற மாதிரி?

தூங்காநகரத்தான்:
தினமும் வேலைக்குப் போக வர ரயிலிலேயே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. பாட்டு கேட்டுக்கொண்டுதான் போகிறேன், ஆனால் ஆப் தன் இஷ்டத்துக்கு ஒரு சோகம், அடுத்து ஒரு குத்து என்று எடுத்துப் போட, இறங்கும்போது எதுவும் மனதில் நிற்பதில்லை. இனிமேல் ஒரு ஆல்பத்தை எடுத்தால் வரிசையாகக் கேட்டு முடிப்பது என்று இருக்கிறேன். சினிமா வேண்டாம், வரிகளும் இல்லாவிட்டால் நல்லது. ராகம் கண்டுபிடிக்கிற அளவுக்கெல்லாம் ஞானம் கிடையாது. ஆளுக்கு ஒன்று சொன்னால் போதும், பட்டியல் போட்டுவிடாதீர்கள்.

கேசட்காலம்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'தான். 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் செய்த ஆல்பம், வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே கேட்கலாம். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. தனி வயலினுக்கு பாக் எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்கிற தொகுப்பின் முதல் பகுதி மூச்சு விடாமல் ஓடும், அதைச் சுற்றி ராஜா தன் இசையைப் பின்னியிருப்பார். அதற்கு அடுத்தது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. வீட்டுக்கு வந்த மனுஷனோடு உட்கார்ந்து பேசுகிறார், அவ்வளவுதான் விஷயம். ஷஃபிளில் போட்டால் பாக் வீட்டுக்கு வருவதற்குள் பேச்சே முடிந்திருக்கும். பாலுமகேந்திராவின் 'வீடு' பார்த்திருந்தால் சில இடங்கள் பழகினதாகத் தோன்றும், படத்துக்குப் பின்னணியாக அவர் இந்த ஆல்பத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

பாதிராத்திரி:
நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவரை முதல் நாளே ஃப்யூகில் (ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுகிற மேற்கத்திய வடிவம்) தள்ளிவிட வேண்டுமா? நாலு இசை இழைகள் ஒன்றையொன்று துரத்துவதை ரயில் கூட்டத்தில் நின்றபடி பின்தொடர முடியாது. 'நத்திங் பட் விண்ட்' கேளுங்கள், 1988. ராஜா இசை, ஹரிபிரசாத் சௌராசியா குழல். மொத்தமே ஐந்து உருப்படிகள், எதற்கும் அவசரம் கிடையாது. நல்ல ஹெட்போன் மட்டும் வேண்டும், இல்லையென்றால் குழல் தணிகிற இடங்களையெல்லாம் ரயில் சத்தம் தின்றுவிடும்.

ஒத்தைக்கடம்:
ராஜா ரசிகர்கள் சண்டையை முடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் நான் 'சக்தி' குழுவின் முதல் ஆல்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 1975இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி, அடுத்த வருஷம் வெளியானது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். முதல் உருப்படி 'ஜாய்' பதினெட்டு நிமிஷம். கிட்டாரும் வயலினும் அந்த வேகத்தில் ஒரே ஸ்வரக்கோர்வையை ஒன்றாகப் பிடிக்கும்போது எது எது என்று பிரிக்க முடியாது. மெக்லாக்லினின் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு (விரல் வைக்கிற பலகையின் குறுக்குக் கட்டைகள்) நடுவே மரத்தைக் குழித்திருப்பார்கள், கம்பியை வளைத்துக் கமகம் கொண்டுவர அதுதான் வசதி. பிடித்துப்போனால் 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்'டுக்கும் போகலாம், 2024இல் கிராமி வாங்கியது. அதில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசிக்கிறார்.

மார்கழிப்பனி:
வரிகள் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் சொல்கிறேன், ராஜாவின் 'திருவாசகம்', 2005. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது. 'பொல்லா வினையேன்' மட்டுமே கிட்டத்தட்ட இருபது நிமிஷம். மாணிக்கவாசகரை ஆங்கில வரிகளோடு கலந்தது எனக்கு இன்றைக்கும் முழுசாக ஒட்டவில்லை, ஆனால் கோரஸ் எழும்புகிற இடங்களுக்காகத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

தூங்காநகரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. காலையில் 'ஜாய்' போட்டேன். நடுவில் கடம் தனியாக ஆரம்பித்ததும் என் விரல் தானாகக் கம்பியில் தட்ட, பக்கத்தில் நின்ற பெரியவர் முறைத்தார். பாக் வீட்டுக்கு வருகிற கதையை மாலையில் கேட்கிறேன். பாதிராத்திரி சார், ஹெட்போன் வாங்குகிற வரை குழல் காத்திருக்கட்டும்.

கேசட்காலம்:
பெரியவருக்கும் ஒரு இயர்போனைக் கொடுத்திருக்கலாம்.