லேகோஸ் மாநிலத்தின் முதல் சிவில் (ராணுவத்தைச் சேராத) ஆளுநர் ஜகாண்டே: அவ்வளவு பெரிய ஆளா?

கேள்வி: நைஜீரிய அரசியல் பற்றிப் படிக்கும்போது லத்தீஃப் ஜகாண்டே பெயர் அடிக்கடி வருகிறது. 1979 முதல் 1983 வரை நாலே வருடம்தான் ஆளுநர். அதற்குள் என்ன செய்துவிட்டார்?

பதில் 1: அடிப்படையில் பத்திரிகைக்காரர். அரசியல் தலைவர் அவோலோவோவின் ‘நைஜீரியன் ட்ரிப்யூன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர், 1960களில் அவரோடு சிறைக்கும் போனவர். பதவிக்கு வந்ததும் பள்ளிக்கூடங்களில் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிள்ளைகளைப் பிரித்து நடத்திய ஷிப்ட் முறையை ஒழித்தார். அவசரத்தில் கட்டிய வகுப்பறைகளைக் கோழிக்கூண்டு என்று எதிர்க்கட்சி கிண்டலடித்தது, ஆனால் அதில்தானே ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள்! குறைந்த விலை வீட்டுத் திட்டங்கள், லேகோஸ் மாநிலப் பல்கலைக்கழகம் எல்லாம் அவர் காலத்தவை. அரசு மாளிகைக்குப் போகாமல் லேகோஸின் இலுபேஜு பகுதியில் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, சொந்தக் காரையே ஓட்டினாராம்.

பதில் 2: மெட்ரோவை விட்டுவிட்டீர்களே. ஜகாண்டே தொடங்கிய ரயில் திட்டத்தை 1985இல் புஹாரியின் ராணுவ அரசு ரத்து செய்தது, அதற்கு இழப்பீடு வேறு கட்டினார்கள். லேகோஸில் நீலப் பாதை என்ற நகர ரயில் பயணிகளை ஏற்றியது 2023இல்தான். நாற்பது வருடம் போக்குவரத்து நெரிசலில் வெந்தது மக்கள்.

பதில் 3: சரி, அபாச்சா என்ற சர்வாதிகாரியின் கீழ் பொதுப்பணித் துறை அமைச்சரானதையும் சொல்லுங்கள். பழைய தோழர்கள் பலர் அதை மன்னிக்கவே இல்லை. 2021இல் 91 வயதில் இறந்தபோது இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது.