புல்லட்டுக்கு வேற டேங்க் மாட்டினேன், ரெண்டே மாசத்துல பெயிண்ட் பொங்குது

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1984 மாடல் புல்லட் 350, வலது கால் கியர். என் மாமனாரோடது. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்த காலத்துல மயிலாடுதுறை சுத்துவட்டாரம் பூரா இதுலதான் அலைஞ்சார். போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆனதும் சாவியை என் கையில குடுத்துட்டார்.

பழைய டேங்க் அடியில துரு. பெட்ரோலைத் திறந்து மூடற டேப் பக்கத்து மடிப்புல ரெண்டு தடவை வெல்டிங் வெச்சுப் பத்த வெச்சிருக்கு, அதுக்கு மேல பசையும் அப்பியிருக்கு. ஆனாலும் காலையில வண்டிக்கு அடியில ஒரு ரூபா அகலத்துக்குப் பெட்ரோல் நிக்கும். சென்னைக்குப் போனப்போ புதுப்பேட்டையில ஒரு புது டேங்க் வாங்கிட்டு வந்தேன். கம்பெனி டேங்க் இல்ல, வெளியில செய்யறது. இங்கேயே ஒரு பெயிண்டர்கிட்ட குடுத்து கருப்பு அடிச்சேன். டேங்க் பக்கவாட்டுல ஓடற கோட்டுக்குத் தங்கக் கலர் ஸ்டிக்கர்.

மாட்டும்போதுதான் தெரிஞ்சுது, பின்னாடி போல்ட் துவாரம் ஒரு விரக்கடை தள்ளி இருக்கு. மெக்கானிக் துவாரத்தை அரத்தால ராவி, கம்பி விட்டு நெம்பி, ஒருவழியா முறுக்கிட்டார். இப்போ ரெண்டு மாசம் ஆகுது. மூடியைச் சுத்தி பெயிண்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி பொங்கி நிக்குது. பின் பிராக்கெட் கிட்ட மயிரிழையா ஒரு விரிசல். இது போதாதுன்னு அஞ்சாறு கிலோமீட்டர் போனா வண்டி மூச்சடைச்சு நின்னுடுது.

கொப்புளத்தைத் தேய்ச்சுட்டு டச்சப் பண்ணா போதுமா? உள்ளே லைனர் (உட்பக்கத்துப் பூச்சு) ஊத்திடலாமா? இல்ல பழைய டேங்கையே சரி பண்ணி மாட்டறதா? மாமனார் ஒண்ணும் சொல்லல. தினம் சாயங்காலம் வாசல்ல வந்து வண்டியைப் பார்த்துட்டு உள்ளே போயிடறார். அதுதான் கஷ்டமா இருக்கு.

சிங்கிள் சிலிண்டர் எழுதியது:

நிக்கிறதுக்கு மட்டும் நான் சொல்றேன். அடுத்த தடவை நின்னதும் கார்ப்பரேட்டரைத் தொடாதீங்க. மூடியைத் திறங்க. "உஸ்"ஸுன்னு காத்து உள்ளே இழுக்கற சத்தம் கேட்டு, உடனே ஒரே கிக்ல வண்டி எடுத்தா, மூடியோட காத்துத் துளை அடைச்சிருக்குன்னு அர்த்தம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலேர்ந்து காத்து வரணும். வரலைன்னா டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் டேப்புக்கு வராது. பெயிண்ட் அடிக்கும்போது மூடியையும் சேர்த்து அடிச்சிருப்பாங்க. பழைய டேங்க் மூடியைப் போட்டு ஓட்டிப் பாருங்க.

கரூர் பெயிண்டர் எழுதியது:

தம்பி, நான் பஸ் பாடி கட்டற பட்டறையில பெயிண்ட் செக்‌ஷன்ல இருபது வருஷம் நின்னவன். இப்போ வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் போட்டு பழைய வண்டி டேங்க் மட்டும்தான் பண்றேன். டச்சப் பண்ணாதீங்க. பண்ணினா இன்னொரு ரெண்டு மாசத்துல அதே இடத்துல திரும்பவும் பொங்கும். தப்பு மேல தெரியற பெயிண்ட்ல மட்டும் இல்ல, வேலையோட வரிசையில இருக்கு. பெயிண்ட் கடைசி வேலைங்க. நீங்க முதல்ல பண்ணிட்டீங்க.

வெளி டேங்க் எதுவா இருந்தாலும் வெறும் தகரமா இருக்கும்போதே வண்டியில மாட்டிப் பார்க்கணும். சும்மா வெச்சுப் பார்க்கறது இல்ல. ரப்பர், வாஷர், டேப், ஓஸ், சீட்டு எல்லாத்தையும் போட்டு முழுசா மாட்டணும். முன்பக்க ரப்பர்ல உட்கார வெச்சு, பின்பக்கம் போல்ட் கையாலேயே நுழையுதான்னு பாருங்க. நெம்பித்தான் நுழையுதுன்னா அந்த டேங்க் நாள் பூரா இழுபட்டுக்கிட்டே இருக்கும். புல்லட் ஒத்தை சிலிண்டர், அதிர்வு சொல்லவே வேண்டாம். இழுபட்ட தகரம் அதிர்ந்தா பத்த வெச்ச விளிம்புலதான் முதல்ல கிழியும். உங்க பின் பிராக்கெட் விரிசல் அப்படி வந்ததுதான். அது பெயிண்ட்ல மட்டும் இருக்கா, தகரத்துலயும் இறங்கியிருக்கான்னு சுரண்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

அடுத்து டேங்குக்கு அடியில இருக்கற பள்ளம். பிரேம் பைப்பு, வயரிங், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாம் அது வழியாத்தான் போகுது. வெளி டேங்க்ல இந்தப் பள்ளம் கொஞ்சம் குறுகலா வரும். நான் பண்ற முறை இது: சப்பாத்தி மாவை எலுமிச்சங்காய் அளவு உருட்டி, பாலிதீன்ல சுத்தி, பிரேம் பைப் மேல மூணு இடத்துல வெப்பேன். டேங்கை உட்கார வெச்சு, போல்ட்டை முறுக்கி, டேங்க் நிறைய தண்ணி விட்டு, அரை மணி கழிச்சுப் பிரிச்சா மாவு எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுடும். பேப்பர் மாதிரி நசுங்கியிருந்தா அந்த இடத்துல தகரம் பைப்புல இடிக்குதுன்னு அர்த்தம். தண்ணி எதுக்குன்னா, 14 லிட்டர் பெட்ரோல் பத்து கிலோவுக்கு மேல வரும், அந்தக் கனத்துல ரப்பர் அமுங்கும். காலி டேங்க்ல பார்த்து ஏமாந்தவங்க நிறைய. அப்புறம் தண்ணியை வடிச்சுக் காய வெச்சு, பெட்ரோல் விட்டு மாட்டி, ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, எஞ்சின் ஓடும்போது ஐட்லிங் ஏறுதான்னு கேளுங்க. ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் எங்கேயோ மாட்டி இழுபடுது. ரோட்டுல அது உயிருக்கே ஆபத்து.

இப்போ கொப்புளம். மூடியைச் சுத்தி மட்டும் பொங்கறதுன்னா ரெண்டு காரணத்துல ஒண்ணு. கழுத்து வளையத்தைப் பத்த வெச்ச இடத்துல ஊசித்துளை இருந்து பெட்ரோல் உள்ளேர்ந்து வருது. இல்லைன்னா அடிச்சது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், பங்க்ல சிந்தற பெட்ரோல்லயே இளகிடுது. கண்டுபிடிக்க ஒரு வழி: வெள்ளைத்துணியில பெட்ரோல் நனைச்சு, வெளியில தெரியாத அடிப்பக்கத்துல ஒரு நிமிஷம் வெச்சுத் துடைங்க. துணியில கருப்பு ஒட்டினா என்.சி. ஒட்டலைன்னா ஊசித்துளைதான்.

ஊசித்துளை பார்க்க பழைய முறையே போதும். பெட்ரோலை எல்லாம் எடுத்துட்டு, பெயிண்ட்டை உரிச்சு, மடிப்பு, கழுத்து, டேப் உட்கார்ற இடம் எல்லாத்துலயும் சாக்பீஸைத் தண்ணியில கரைச்சுப் பூசிக் காய விடுங்க. உள்ளே மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா வைங்க, பக்கம் மாத்தி மாத்தி. மண்ணெண்ணெய் எப்பேர்ப்பட்ட துளையிலயும் ஏறி வந்துடும். வந்த இடத்துல வெள்ளை மேல ஈரப்பொட்டு தெரியும். ஒருத்தர் கம்ப்ரசர் காத்து அடிச்சுப் பார்த்து டேங்க் பலூன் மாதிரி உப்பி என்கிட்ட கொண்டு வந்தார். அந்தத் தகரம் அவ்வளவு தாங்காதுங்க.

லைனர் ஊத்தறதைப் பத்தி. புது டேங்குக்கு வேண்டாம். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது சில லைனரை இளக்கி உரிச்சுடும், உரிஞ்ச தோல் போய் டேப்பை அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால வண்டியை மாசக்கணக்குல நிறுத்தறதுன்னா டேங்கை அரைகுறை பெட்ரோலோட விடாதீங்க. பழைய ஓஸ், டேப் வாஷர் ரெண்டையும் புதுசா மாத்திடுங்க.

காவிரிக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. மூடி விஷயம் சரியாப் போச்சு. உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு, பழைய மூடியைப் போட்டேன், இருபது கிலோமீட்டர் நிக்காம ஓடிச்சு. துணியிலயும் கருப்பு ஒட்டிச்சு. அப்போ முழுசா உரிச்சுட்டு முதல்லேர்ந்து பண்ணப் போறேன். பெயிண்ட் எப்படி அடிக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க. இன்னொண்ணு, இங்கே ஒருத்தர் பழைய டேங்கையும் குடுங்க, அடியை வெட்டிட்டு வேற தகரம் வெச்சுப் பத்தித் தர்றேன்கறார். குடுக்கலாமா?

வெல்டிங் ராடு எழுதியது:

குடுக்கறதுக்கு முன்னாடி அவர் டேங்கை எப்படிக் கழுவுவார்னு கேளுங்க. பெட்ரோலை ஊத்திட்டேன், நாலு நாள் வெயில்ல வெச்சேன்னு சொன்னா குடுக்காதீங்க. நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் வெடிக்கும். எரியறது பெட்ரோல் ஆவி, அது மடிப்புக்குள்ளேயும் துருவுக்குள்ளேயும் மாசக்கணக்குல ஒளிஞ்சிருக்கும். சோப்புத்தூள் போட்ட கொதிநீர்ல பல தடவை கழுவி, பத்த வைக்கிற இடத்தைத் தவிர மிச்சம் முழுக்கத் தண்ணி நிரப்பி, மூடியைத் திறந்து வெச்சுத்தான் நாங்க பத்த வைப்போம். அப்பவும் முகத்தை டேங்க் வாய்க்கு நேரா வெக்க மாட்டோம். என் கூடத் தொழில் பழகினவன் ஒருத்தனுக்கு இடது கையில மூணு விரல்தான் இருக்கு. காரணம் ஒரு ஸ்கூட்டர் டேங்க்.

கரூர் பெயிண்டர் எழுதியது:

வெல்டிங் ராடு சொன்னதை ரெண்டு தடவை படிங்க தம்பி.

பெயிண்ட். புது டேங்க் மேல சாம்பல் கலர்ல ஒரு பிரைமர் (அடிப்பூச்சு) வந்திருக்குமே, அது கடையில இருக்கற வரைக்கும் துரு பிடிக்காம இருக்க அடிச்சது. அதுக்கு மேல எதை அடிச்சாலும் அதோட சேர்ந்து உரியும். ரிமூவர் போட்டு வெள்ளைத் தகரம் வரைக்கும் எடுங்க. தின்னர்ல துடைச்ச பிறகு கை படக்கூடாது, உள்ளங்கை எண்ணெய் போதும் பிரைமர் பிடிக்காம போக. அன்னிக்கே எபாக்சி பிரைமர். டிங்கரிங்ல சரியாகாத பள்ளத்துக்கு மட்டும் லப்பம் (பட்டி), அதுவும் பிராக்கெட் பக்கத்துல கூடவே கூடாது. அங்கே அதிர்வுக்கு லப்பம் வெடிக்கும். 400 வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு, ஈரம் போகக் காயவெச்சு, அப்புறம் ஹார்டனர் (இறுக வைக்கிற திரவம்) கலக்கற பி.யூ. (பாலியூரித்தேன்) கருப்பு. மெல்லிசா மூணு கை, அதாவது மூணு பூச்சு. ஒரே கையில கனமா அடிச்சா அடிவிளிம்புல ஒழுகி நிக்கும். அடிக்கிறவர் கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சா தடுத்துடுங்க. ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட் நெஞ்சைக் கெடுக்கும், அதுக்குத் தனி மாஸ்க் இருக்கு. எங்க பட்டறையில அது தெரியாம அடிச்ச காலத்து ஆளுங்க இன்னிக்கும் இன்ஹேலர் பஃப் அடிச்சுக்கிட்டுத்தான் மாடி ஏறறாங்க.

உங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில அடிக்க வேண்டாம். ஈரக்காத்துல பளபளப்பு வராது. தை பிறக்கட்டும். அடிச்சு முடிச்சதும் ஒரு வாரம் பெட்ரோல் காட்டாதீங்க. கருப்பே அடிங்க, கலர் மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.யில ஏத்தணும்.

கோடு. ஸ்டிக்கர் வேண்டாங்க. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில அண்ணன் தம்பி ரெண்டு பேர் புல்லட் டேங்குக்குக் கையாலேயே கோடு போட்டுப் பேர் வாங்கினவங்க. நீள முடி பிரஷ், விரல் நீளத்துக்கு முடி இருக்கும். பெயிண்ட்டைத் தொட்டு, ஒரு கண்ணாடித் துண்டுல ரெண்டு பக்கமும் நீவி, சுண்டு விரலை டேங்க் மேல ஊன்றிக்கிட்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தினா நிறுத்தின இடம் தெரியும். பழைய டேங்க்ல கோடு எங்க ஆரம்பிச்சு எங்க வளையுதுன்னு டிரேசிங் பேப்பர்ல எடுத்து வெச்சுக்குங்க. லாரிக்கு எழுதற ஆள் நாமக்கல் பக்கம் இன்னும் இருக்காங்க, கேட்டா போட்டுத் தருவாங்க. கோடு நல்லாக் காயறதுக்கு முன்னாடி மேல கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சுடாதீங்க, சுருங்கிடும்.

காவிரிக்கரை எழுதியது:

மாசி முடிஞ்சுது, சொன்னபடி வந்து எழுதறேன்.

கழுத்து வளையத்துல ஊசித்துளை ஒண்ணு இருந்துச்சு, சாக்பீஸ் மேல மிளகு அளவு ஈரம். ஆக, என்.சி. பெயிண்ட், துளை ரெண்டுமே காரணம். பின் பிராக்கெட்ல விரிசல் தகரத்துலயும் அரை அங்குலம் ஓடியிருந்தது. பிராக்கெட்டை வெட்டி எடுத்து, சரியான இடத்துக்கு நகர்த்திப் பத்த வெச்சாச்சு. மாவு வெச்சுப் பார்த்ததுல இடது பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது, முன் ரப்பர் தடிமனா போட்டதும் சரியாயிடுச்சு. தை பத்தாம் தேதிக்கு மேல பெயிண்ட்.

கோட்டுக்காக டிரேசிங் எடுக்க பழைய டேங்கைத் திண்ணையில வெச்சேன். இடது பக்கக் கோடு ஒரு சாண் நீளத்துக்கு இல்லவே இல்ல, பிரைமர் வரைக்கும் தேய்ஞ்சிருந்தது. மாமனார் வந்து உட்கார்ந்து அந்த இடத்துல முழங்காலை ஒட்டி வெச்சுக் காட்டினார். ஒயர் சுருளை டேங்க் மேல வெச்சு, முட்டியால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருஷக்கணக்கா ஓட்டினாராம். வலது பக்கத்துக் கோட்டைத் திருப்பிப் போட்டு அந்த ஒரு சாணை நிரப்பினோம். நாமக்கல்காரர் நாலு மணி நேரத்துல ரெண்டு பக்கமும் முடிச்சார்.

பழைய டேங்கைப் பத்த வைக்கக் குடுக்கல. காய வெச்சு, உள்ளே ஆயில் ஊத்திச் சுழற்றி, சாக்குல கட்டி பரண்ல வெச்சிருக்கேன். நேத்து மாமனாரைப் பின்னாடி உட்கார வெச்சு தரங்கம்பாடி வரைக்கும் போயிட்டு வந்தோம். வழியில ஒரு தடவைதான் நிறுத்தினோம், அதுவும் அவர் டீ கேட்டதுக்கு.