வாசிப்பு மையத்துக்கு வந்த நிதி நின்றுவிட்டது: வேறு எங்கே கேட்கலாம்?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தரும் சிறிய தன்னார்வ மையத்தில் ஆறு ஆண்டுகளாக வாசிப்பாளராக இருக்கிறேன். எங்களுக்கு உதவிவந்த நிறுவனம் நிதியை நிறுத்திவிட்டதால், மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்களுக்குக் கொடுத்துவந்த பயணப்படியும் நின்றுபோயிற்று. சென்ற வாரம் பி.யூ.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) மாணவி ஒருத்தி, பாதியில் நின்ற பொருளியல் பதிவை மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டு, "மீதி எப்போது வரும், அக்கா?" என்றாள். வேறு எங்கே நிதி கேட்கலாம்?

ஜெயநகர் கணக்கர்:
நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். யாருக்குத் தருவது என்பது அவர்கள் விருப்பம். ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தது பிழை என்றே நினைக்கிறேன். 12ஏ (மையத்துக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை), சி.எஸ்.ஆர்.-1 (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற) பதிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இந்திராநகர் வாசகன்:
நான் பார்வையற்றவன். கைப்பேசிச் செயலிகள் இருக்கும்போது மையம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மங்கலாக நகலெடுத்த பக்கத்தையும் பொருளியல் வரைபடத்தையும் அவை ஒழுங்காக வாசிப்பதில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரச் சொல்கின்றன. எழுதித் தர ஆள் வராவிட்டால் அந்த நேரத்தால் என்ன பயன்? நிதி வரும்வரை எழுதித் தருபவர்களின் பட்டியலையாவது கலைத்துவிடாதீர்கள். ஞாயிறு காலைகளில் நான் வந்து, பதிவுகளைக் கேட்டுப் பிழை சொல்கிறேன்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி, ஐயா. 80ஜி இருக்கிறது, சி.எஸ்.ஆர்.-1 இல்லை, நாளையே விண்ணப்பிக்கிறோம். பொருளியலின் மீதியை இன்றிரவு என் கைப்பேசியிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.