எங்கள் மணி பிரபலமாகிவிட்டான், என்ன செய்வது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 2021 மழையில், தாம்பரம் ரயில் நிலைய வாசலில் என் காலடியில் வந்து ஒண்டிய நாட்டு நாய்க்குட்டிதான் மணி. அன்று வழக்கமான ரயிலைத் தவறவிட்டதால்தான் அவனைப் பார்த்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு ரீல்ஸ் போட்டான். இட்லிக்குக் கை கொடுக்கும் மணி ஊருக்கே தெரிந்தவனாகிவிட்டான். (நான் வெறும் 'மணியோட அப்பா', அவ்வளவுதான்.) இப்போது யார் யாரோ கேட்டில் நின்று சாக்லேட் நீட்டுகிறார்கள். அதில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம், திராட்சையும் ஆகாது. சொன்னால் முறைக்கிறார்கள். கூட்டத்தைக் கண்டாலே மணி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போடுகிறேன். ஆனாலும் பயத்தில் யாரையாவது கடித்துவிட்டால்?

கேட்டில் என்ன எழுதி மாட்டினால் மனம் நோகாமல் கேட்பார்கள்? தாம்பரம் பக்கம் நல்ல நாய்ப் பயிற்சியாளர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.